தோற்ற பிறகு மைக் முன்னால் கோச் யாரிடம் பேசுகிறார்?

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் ஒரு மேட்ச்சை முழுசாகப் பார்க்க நேரம் கிடைக்காவிட்டாலும், தோற்ற அணியின் பிரஸ் மீட்டை மட்டும் எப்படியாவது தேடிப் பார்த்துவிடுவேன். ஜெயித்தவர்கள் பேச்சில் பெரிதாக ஒன்றும் இருக்காது. எல்லோருக்கும் நன்றி சொல்வார்கள், சிரிப்பார்கள், முடிந்தது. தோற்ற கோச் வந்து உட்காரும் விதம், பக்கத்தில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் பையனை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பது, முதல் கேள்விக்கு அவர் எடுக்கும் முதல் வாக்கியம், இதையெல்லாம் பார்த்தால் அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்பது தெரிந்துவிடும் என்று நம்புகிறேன்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தொடர் மார்ச் மாதம் நடக்கும். அதில் 68 அணிகள், ஒரு மேட்ச் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேட்ச் முடிந்ததும் அணிக்குப் பத்து நிமிடம் தனியாகக் கொடுப்பார்கள். அதற்கப்புறம் லாக்கர் ரூம் கதவு நிருபர்களுக்குத் திறந்துவிடும், கோச்சும் ஓரிரண்டு ஆட்டக்காரர்களும் மேடைக்குப் போயாக வேண்டும். 55 வயது கோச்சுக்கு இது பழகிய விஷயம். 19 வயதுப் பையனுக்கு, நாடே பார்த்த ஒரு தவறைச் செய்து பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். இந்தப் பத்து நிமிடக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கோச்கள் சொல்லும் பல விஷயங்கள் வேறு மாதிரி கேட்கும்.

இந்த விஷயத்தில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசுவது வர்ஜீனியாவின் தோல்வியைத்தான். நானும் அங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதைவிட மோசமாகத் தோற்க முடியாது.

2018 மார்ச் 16, வட கரோலினாவின் சார்லட் நகரம். வர்ஜீனியா அந்த ஆண்டு மொத்தத் தொடருக்கும் முதல் அணி, 31 வெற்றி, 2 தோல்வி. எதிரில் யுஎம்பிசி, அதாவது மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்ட்டி வளாகம். தொடரின் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளுக்குப் பலத்தின் வரிசையில் 1 முதல் 16 வரை எண் கொடுப்பார்கள், 1-ஆம் எண் அணி முதல் சுற்றில் 16-ஆம் எண் அணியோடு மோதும். ஆண்கள் தொடரில் அதுவரை 135 முறை மோதி 135 முறையும் 1-ஆம் எண்தான் ஜெயித்திருந்தது. (பெண்கள் தொடரில் 1998-லேயே ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்டை 71-67 என்று வீழ்த்தியிருந்தது. அந்த ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் தொடருக்குச் சற்று முன்னால்தான் முழங்கால் காயத்தில் வெளியே போயிருந்தார்கள்.) சார்லட்டில் இடைவேளையில் ஸ்கோர் 21-21. அதற்கப்புறம் யுஎம்பிசி இருபதே நிமிடத்தில் 53 புள்ளி எடுத்தது. ஒரு முழு மேட்ச்சுக்கே எதிரணியை ஏறக்குறைய அந்த அளவில் நிறுத்திவைக்கும் பாதுகாப்பு ஆட்டத்துக்குப் பேர்போன அணி வர்ஜீனியா. கடைசியில் 74-54.

கோச் டோனி பென்னட்டுக்குச் சொல்லிக்கொள்ள நல்ல காரணங்கள் கைவசம் இருந்தன. டிஆண்ட்ரே ஹண்டர் என்ற மிகத் திறமையான ஆட்டக்காரர் மணிக்கட்டு உடைந்து தொடருக்கு முன்பே வெளியேறியிருந்தார். தூரத்திலிருந்து வீசும் த்ரீ பாயிண்டரில் வர்ஜீனியா 22 முயன்று 4 போட்டது, யுஎம்பிசி 24-இல் 12. இந்த இரண்டு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தால்கூட யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. பென்னட் அதன் மேல் சாய்ந்துகொள்ளவில்லை. எங்களை முழுசாக அடித்துவிட்டார்கள், நெருக்கமான ஆட்டம்கூட இல்லை என்று நேராகச் சொன்னார். களத்தில் இறங்கினால் இது நடக்கத்தான் செய்யும், நல்ல காலத்தை அனுபவித்த நாம் கெட்ட காலத்தையும் தாங்க வேண்டும், இந்த ஒரு ராத்திரி உங்கள் யாரையும் வரையறுத்துவிடாது என்ற பொருளில் பேசினார். கேள்வி கேட்டவர்கள் நிருபர்கள்தான். ஆனால் அந்தக் கடைசிப் பகுதி நிருபர்களுக்குச் சொன்னது இல்லை. அது அவருடைய ஆட்டக்காரர்களான கைல் கைக்கும் டை ஜெரோமுக்கும், லாக்கர் ரூமில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும், அன்றைக்கு ராத்திரி ஃபோனில் இதைப் பார்க்கப்போகும் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும் சொன்னது.

கைல் கை சில வாரம் கழித்து, தனக்கிருந்த மனப்பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அந்தத் தோல்வி எந்த அளவுக்கு உள்ளே போயிருந்தது என்று அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. பென்னட்டுக்கு அவர் மனைவி ஓர் உரையின் வீடியோவை அனுப்பியிருக்கிறார். கஷ்டத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தால், வேறு எந்த வழியிலும் போக முடியாத இடத்துக்கு அது டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் என்ற கருத்து அதில் வருகிறது. அதையே பென்னட் அடுத்த ஆண்டு முழுக்க அணியின் வாசகமாக வைத்துக்கொண்டார். தோல்வியைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று அவர் யாரையும் தடுக்கவில்லை, ஆண்டு முழுக்க ஒவ்வொரு ஊரிலும் அதே கேள்வி, அதே பொறுமையான பதில். 2019 தொடரின் முதல் மேட்ச்சில் இன்னொரு 16-ஆம் எண் அணியான கார்ட்னர்-வெப்பிடம் முதல் பாதியில் 14 புள்ளி பின்தங்கியபோது அரங்கத்தில் எல்லோருக்கும் என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஜெயித்தார்கள், 71-56. ஏப்ரல் 8 அன்று மினியாபொலிஸில் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று சாம்பியன் ஆனார்கள். இன்னொரு விஷயம், 2018-இல் யுஎம்பிசியின் கோச்சாக இருந்த ரயன் ஓடம்தான் 2025-இல் வர்ஜீனியாவின் தலைமைக் கோச்சாக வந்தார்.

சாம்பியன் ஆனதால் பென்னட் அன்றைக்குச் சொன்னது சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2019-இல் முதல் சுற்றிலேயே மறுபடி தோற்றிருந்தாலும் 2018 ராத்திரி அவர் பேசியது சரிதான்.

இங்கே ஒரு தொழில்நுட்பக் கேள்வியும் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. பென்னட்டின் அணி மெதுவாக ஆடும். பந்தை அவசரப்படாமல் சுற்றவிட்டு, எதிரணியையும் அவசரப்பட விடாமல், மேட்ச்சில் இரண்டு பக்கத்துக்கும் கிடைக்கும் வாய்ப்புகளையே குறைத்துவிடும். நாணயத்தை ஆறு தடவை சுண்டினால் ஐந்து தடவை தலை விழலாம், அறுபது தடவை சுண்டினால் ஐம்பது தலை விழாது. அதே மாதிரி, வாய்ப்புகள் குறையக் குறைய பலவீனமான அணிக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்க இடம் கூடும். த்ரீ பாயிண்டர் அதைவிட ஆட்டங்காட்டும். ஒரே ஆட்டக்காரர் ஒரு நாள் எட்டில் ஆறு போடுவார், அடுத்த நாள் ஒன்று. ஆகவே, கோச்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் "ஷாட் விழவில்லை" என்ற விளக்கம் சாக்குப்போக்கு மாதிரி கேட்டாலும் பல நேரம் அதுதான் உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்த ஷாட்டுகள் நல்ல ஷாட்டுகளா, அவசரத்தில் வீசியவையா என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும். அதற்குப் பொறுப்பு கோச்.

"வீடியோ பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்" என்பதும் அப்படித்தான். நழுவுகிறார் என்று தோன்றும். தரை மட்டத்தில், பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டு பார்க்கும் ஒருவருக்கு அந்தப் பக்கத்து மூலையில் யார் யாரை விட்டுவிட்டார்கள் என்பது உண்மையிலேயே தெரியாது. அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்லிவிட்டு மறுநாள் வீடியோவில் தவறு வேறொருவருடையது என்று தெரிந்தால் அதை எப்படித் திரும்ப எடுப்பது? எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் மரியாதை உண்டு.

"அவர்களைத் தயார்படுத்தாதது என் தப்பு" என்பது மூன்றாவது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எதைத் தயார்படுத்தவில்லை, எந்த முடிவு தவறு என்று ஒரு விவரமாவது சேர்ந்து வந்தால்தான் அது பொறுப்பேற்பு. விவரம் இல்லாமல் வந்தால் அடுத்த கேள்வியை அடைக்கும் தாழ்ப்பாள்.

ரெஃப்ரிகளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்குகளில் பெரும்பாலானவற்றில் வெளிப்படையாகக் குறை சொன்னால் அபராதம் உண்டு. அதனால்தான் கோச்கள் ஃபவுல் கணக்கை மட்டும் மெதுவாகப் படித்துவிட்டு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற முகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இதற்கு நேர் எதிரான ராத்திரி ஒன்று. 2024 பிப்ரவரி 18, நியூயார்க்கின் செயிண்ட் ஜான்ஸ், சீட்டன் ஹாலிடம் 68-62 என்று தோற்றது, பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டு. கோச் ரிக் பிட்டினோ, இரண்டு வெவ்வேறு கல்லூரிகளோடு பட்டம் வென்றவர், அனுபவத்துக்குக் குறைவே இல்லை. அன்றைக்கு அவர் மைக் முன்னால் தன் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி, இவர் பக்கவாட்டில் வேகமாக நகரமாட்டார், அவரும் அப்படித்தான் என்று ஒவ்வொருவராக அடுக்கினார். என் ஆட்டமுறைக்கு நேர் எதிரான ஆட்களைச் சேர்த்துவிட்டோம் என்றார், தன் வாழ்நாளிலேயே மிகவும் மகிழ்ச்சியற்ற சீசன் இதுதான் என்றும் சொன்னார். அப்புறம், யாரையும் தாக்கும் எண்ணமில்லை, தோற்றதற்கான காரணத்தைத்தான் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்தார். அடுத்து அந்த அணி தொடர்ந்து ஆறு மேட்ச் ஜெயித்தது.

அந்த ஆறு வெற்றியைக் காட்டி, பார்த்தீர்களா, திட்டியது வேலை செய்தது என்கிறவர்கள் நிறையப் பேர். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அவர் சொன்ன விவரங்கள் கூடைப்பந்து ரீதியில் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் உடல் வேகம் ஒரு பையன் பிப்ரவரியில் மாற்றிக்கொள்ளக்கூடியது இல்லை. அந்தப் பையன்களைச் சேர்த்ததும் அவரும் அவருடைய உதவியாளர்களும்தான். மாற்ற முடியாததைப் பொது இடத்தில் சொன்னால் அதைக் கேட்டு யார் என்ன செய்ய முடியும்? பயிற்சிக்கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இதைவிடக் கடுமையாகச் சொல்லட்டும், அது அவர் வேலை.

அதே பிட்டினோ, பதின்மூன்று மாதம் கழித்து. 2025 மார்ச் 22, பிராவிடன்ஸ். செயிண்ட் ஜான்ஸ் இப்போது 2-ஆம் எண் அணி, லீக் பட்டத்தையும் லீக் தொடரையும் வென்று வந்திருந்தது. 10-ஆம் எண் அணியான ஆர்கன்சாஸ் அதை 75-66 என்று வெளியேற்றியது. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஆர்.ஜே. லூயிஸ் அன்று 17 ஷாட்டில் 3 போட்டார், கடைசி ஐந்து நிமிடம் அளவுக்கு பிட்டினோ அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டார்கள். காரணம் உங்களுக்கே தெரியும், என் ஆட்டக்காரர் ஒருவரைக் குறை சொல்ல வைக்கப் பார்க்காதீர்கள் என்கிற தொனியில் வெட்டிவிட்டார். களத்தில் எடுத்த முடிவே கடுமையானது, அதற்கு மேல் வாயாலும் ஒரு அடி போட அவர் விரும்பவில்லை. 2024-இல் செய்ததைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தை நாடே பார்த்தது, மௌனத்தால் அதை மூட முடியவில்லை.

அன்று எதிர் பெஞ்சில் இருந்தவர் ஜான் கலிபாரி. அவர் கதை வேறு. கென்டக்கியில் அவருடைய முறை, நாட்டின் மிகச்சிறந்த 18 வயதுப் பையன்களைச் சேர்த்து, ஓராண்டு ஆடவைத்து, தொழில்முறை லீக்கான என்பிஏவுக்கு அனுப்புவது. 2012-இல் அதே முறையில் பட்டமும் வென்றார். பின்னாளில் 2022-இல் செயிண்ட் பீட்டர்ஸ் என்ற 15-ஆம் எண் அணியிடம் கூடுதல் நேரத்தில் 85-79, 2024 மார்ச் 21 அன்று ஓக்லாண்ட் என்ற 14-ஆம் எண் அணியிடம் 80-76 என்று தோற்றார். ஓக்லாண்டின் ஜாக் கோல்கி அன்றைக்கு மட்டும் பத்து த்ரீ பாயிண்டர் போட்டார், கீழ்ப் பிரிவுக் கல்லூரி ஒன்றிலிருந்து மாறி வந்த முதிர்ந்த ஆட்டக்காரர். விளையாட்டு மாறிவிட்டது, எதிரணியில் 24 வயதுக்காரர்கள் ஆடுகிறார்கள், நான் சின்னப் பையன்களை வைத்து ஆடுகிறேன் என்ற பொருளில் கலிபாரி பேசினார். சொன்னது பொய் இல்லை. ஆனால் இளைஞர்களைச் சேர்ப்பது அவரே பல ஆண்டு பெருமையாகச் சொன்ன முறை. ஜெயித்தபோது அது முறை, தோற்றபோது அது காரணம் என்று ஆனால் ரசிகர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. அவரை வெளியே அனுப்ப வேண்டுமானால் கென்டக்கி 3 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டிய ஒப்பந்தம் இருந்தது. சில வாரத்தில் அவரே ஆர்கன்சாஸுக்குப் போய்விட்டார்.

பணம் பேச்சில் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோச்களின் தோல்விப் பேச்சு கடந்த சில ஆண்டுகளில் மாறியதற்கு இதுதான் பெரிய காரணம். முன்பெல்லாம் ஒரு ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்கு மாறினால் பெரும்பாலும் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு தடவை மாற விலக்கு வந்தது, 2024-லிருந்து எத்தனை தடவையும் மாறலாம். 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. மேடையில் கோச் ஒரு பையனைக் கடிந்துகொண்டால், அதை அந்தப் பையன் பார்க்கிறான், அவன் அப்பா அம்மா பார்க்கிறார்கள், அடுத்த ஆண்டு சேர நினைக்கும் பையன் பார்க்கிறான், பணம் தரும் பழைய மாணவர்கள் பார்க்கிறார்கள், வேறு கல்லூரிகளின் உதவிக் கோச்களும் பார்க்கிறார்கள். 2025-இல் மாறுவதற்கான கதவு மார்ச் 24 அன்று திறந்தது, தொடரே அப்போது முடியவில்லை. "இந்தப் பையன்கள் அடுத்த ஆண்டு இன்னும் முதிர்ந்து வருவார்கள்" என்று ஒரு காலத்தில் கோச்கள் சொல்வது உண்டு, இப்போது அதைச் சொல்ல நிறையப் பேருக்குத் தைரியம் இல்லை.

அதனால்தான் மேட் பெயின்டரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பர்டூ பல்கலைக்கழகத்தின் கோச். 2019-இல் வர்ஜீனியா சாம்பியன் ஆவதற்கு முன்னால் கூடுதல் நேரம்வரை இழுத்து 80-75 என்று தோற்ற அணி அவருடையது. 2021-இல் 13-ஆம் எண் அணியிடம், 2022-இல் 15-ஆம் எண் அணியிடம், 2023 மார்ச் 17 அன்று ஃபேர்லி டிக்கின்சன் என்ற 16-ஆம் எண் அணியிடம் 63-58 என்று தோல்வி. முந்தின சீசனில் நான்கே மேட்ச் ஜெயித்த அணி அது, கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டப் பிரிவிலேயே மிகக் குள்ளமான அணி, பர்டூவில் ஏழடி நான்கங்குல ஸாக் ஈடி. மூன்று ஆண்டு தொடர்ந்து இப்படி. பெயின்டர் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து, முதலாமாண்டு ஆட்டக்காரர்கள் மேல் பழி போடாமல், மேட்ச்சில் என்ன நடந்தது என்று ஒரு வாத்தியார் கணக்கு விளக்குவதைப் போலப் பொறுமையாக விளக்கினார். 2024-இல் ஈடி திரும்பி வந்தார், அந்த முதலாமாண்டுக்காரர்களும் இருந்தார்கள், பர்டூ இறுதி மேட்ச்வரை போய் கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றது. அதற்கும் அதே மாதிரி உட்கார்ந்து பதில் சொன்னார்.

பெண்கள் ஆட்டத்தில் சவுத் கரோலினாவின் கோச் டான் ஸ்டேலி 2023-இல் செய்தது இன்னொரு வகை. அந்த சீசனில் ஆடிய 36 மேட்ச்சையும் ஜெயித்து வந்த சவுத் கரோலினா அரையிறுதியில் அயோவாவிடம் 77-73 என்று தோற்றது, அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் மட்டும் 41 புள்ளி. முந்தின நாள் அயோவாவின் கோச், இவர்களோடு ரீபவுண்டுக்கு, அதாவது விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, போட்டியிடுவது பாரில் நடக்கும் அடிதடி மாதிரி என்று யாரோ தன்னிடம் சொன்னதாகப் பேசியிருந்தார். சவுத் கரோலினா பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் ஆடும் அணி. ஸ்டேலி தோற்ற மேடையில் ஷாட் கணக்கைவிட இதைத்தான் முக்கியமாகப் பேசினார். நாங்கள் ரவுடிகள் இல்லை, குரங்குகள் இல்லை, தெருச்சண்டைக்காரர்கள் இல்லை, என் அணியைப் பற்றிப் பொதுவில் பேசும்போது வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள் என்றார். ஜெயித்த மேடையில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வரிச் செய்தியாகப் போயிருக்கும். தோற்றதற்குச் சாக்கு என்று சிலர் சொல்வார்கள் என்று தெரிந்தே சொன்னார். அடுத்த ஆண்டு தொடக்க ஐந்து பேரும் புதிது, 38 மேட்ச், ஒரு தோல்வியும் இல்லை, இறுதியில் அதே அயோவாவை 87-75.

என் மனதில் கடைசியாக நிற்பது மைக்கே இல்லாத ஒரு விளக்கம். 1982 மார்ச் 29, இறுதி மேட்ச், நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், அறுபதாயிரம் பேருக்கு மேல். முதலாமாண்டு மாணவரான மைக்கேல் ஜோர்டன் போட்ட ஷாட்டில் வட கரோலினா 63-62 என்று முன்னால் வந்தது. சில வினாடி மிச்சம், பந்து ஜார்ஜ்டவுன் கையில். ஃப்ரெட் பிரவுன் ஓரக்கண்ணில் தெரிந்தவர் தன் அணிக்காரர் என்று நினைத்து, நேராக எதிரணியின் ஜேம்ஸ் வொர்தியிடம் பந்தைக் கொடுத்துவிட்டார். அதோடு முடிந்தது. ஜார்ஜ்டவுன் கோச் ஜான் தாம்சன், ஆறடி பத்தங்குல ஆள், தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. அவர் ஃப்ரெட் பிரவுனைக் களத்திலேயே இழுத்து அணைத்துக்கொண்டார். நிருபர்களின் முதல் கேள்விக்கு முன்பே, கேமரா அத்தனையும் பார்க்க, இந்தத் தவறு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1984-இல் சியாட்டிலில், ஹூஸ்டனை 84-75 என்று வென்று ஜார்ஜ்டவுன் சாம்பியன் ஆனது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத் தலைமைக் கோச் தாம்சன்தான். அன்றைக்கும் ஃப்ரெட் பிரவுனை அதே மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டார்.